இளைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தவை

வாசகர் கேள்வி – பதில்

காட்பாடி வாசகி ஒருவருக்குச் சென்ற இதழில், உடம்பு பெருத்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கை மகளின் வளைகாப்புக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிறைத்துவிட்டன. மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தும் எங்கள் பக்கத்துச் சமையற்கட்டுகள் பிரியவில்லை என்பது இந்தக் கடிதங்களைப் படித்தால் தெரிகிறது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

எனக்கு வயது 47. ஆறு ஆண்டுகளில் 14 கிலோ கூடிவிட்டேன். பீரோவில் இருபத்திரண்டு ரவிக்கைகள் இருக்கின்றன. ஒன்றிலும் கை நுழையவில்லை. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று புதிதாகவும் தைக்காமல், இரண்டு சுடிதார்களையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டுப்புடவை கட்ட வேண்டிய கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பகலில் இரண்டு இட்லி, ஒரு கரண்டி சோறு, ஒரு டம்ளர் மோர் என்று கட்டுப்பாடாக இருக்கிறேன். ஆனால் இரவு எல்லோரும் படுத்த பிறகு, விளக்கைக்கூடப் போடாமல், சமையலறையில் நின்றபடியே மீந்ததையெல்லாம் சாப்பிட்டுவிடுகிறேன். "இந்த உடம்பை இப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். அது சோம்பலுக்கு வைத்த நல்ல பெயர் இல்லையா?
— ஒரு வாசகி, சத்துவாச்சாரி

விளக்குப் போடாத அந்தச் சமையலறையிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நடப்பதை நீங்கள் மனக்கட்டுப்பாட்டின் தோல்வி என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது பகல் முழுவதும் அடக்கி வைத்த பசி இரவில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகத்தான் தெரிகிறது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் உடல்நலமுள்ள 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர்கள் வழக்கமாக உண்டதில் ஏறத்தாழப் பாதியை மட்டும் ஆறு மாதம் கொடுத்து வந்தார். அதுவரை சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக நினைத்தே பார்த்திராத அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், கனவிலும் சாப்பாடே வந்தது, தட்டை நக்கினார்கள், ஆய்வு முடிந்து வயிறாரச் சாப்பாடு கிடைத்த பிறகும் பல வாரங்களுக்குப் பசி அடங்கவில்லை என்றார்கள். அவர்களுக்கு ஒரு நாளுக்குக் கொடுக்கப்பட்டதில் பாதிகூட வராது, நீங்கள் பகல் முழுவதும் உண்பது. அந்த இளைஞர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லவில்லை. உங்களையும் நான் சொல்லப் போவதில்லை.

ஆகையால் நாளை மதியம் தட்டுப் போட்டு, உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். சோறு, அதன்மேல் பருப்போ கீரைக் கடைசலோ, ஒரு பொரியல், அசைவம் உண்பவரானால் ஒரு முட்டையோ மீன் துண்டோ, கடைசியில் மோர். மாலை ஐந்து மணிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை அல்லது சுண்டல். இரவில் வீட்டாரோடு ஒரே நேரத்தில், அவர்கள் உண்பதையே உண்ணுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் மதியமும் சாப்பிட்டு இரவும் எழுந்து போவீர்கள்; அதைக் கண்டு அஞ்சி மறுபடியும் இரண்டு இட்லிக்குத் திரும்பிவிடாதீர்கள். மதியச் சாப்பாடு தவறாமல் வரும் என்று உடம்புக்கு நம்பிக்கை வருவதற்குச் சில நாள் ஆகும். எழுந்து போகும் இரவுகளிலும் விளக்கைப் போடுங்கள், தட்டில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இருட்டில் நின்று விழுங்கியது நாக்குக்கும் தெரிவதில்லை, வயிற்றுக்கும் கணக்கில் வருவதில்லை.

அடுத்தது ரவிக்கை. இருபத்திரண்டையும் கட்டிலின்மேல் கொட்டி, ஒவ்வொன்றையும் உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல தையற்காரர்கள் பக்கவாட்டில் அரை அங்குலமாவது உள்தையலுக்குத் துணி விட்டிருப்பார்கள். அவற்றைப் பிரித்து விட்டால் ஐந்தாறு மீளும். கையில் துணி போதாதவற்றுக்கு அக்குளில் ஒட்டுத் துணி வைத்துத் தைக்கலாம். கையை இறக்கியிருக்கும்போது வெளியே தெரியாது. மற்றவற்றைக் கொடுத்துவிடுங்கள். புதிதாக நான்கு தையுங்கள். இப்போதுள்ள உடம்பை அளவெடுக்கச் சொல்லுங்கள், பழைய அளவு ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்து "இதைவிடக் கொஞ்சம் தளர்வாக" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லித் தைத்த ரவிக்கை எனக்கு ஒருமுறைகூடச் சரியாக அமைந்ததில்லை. இந்த நான்குக்கும் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் உள்தையல் விடச் சொல்லுங்கள். உடம்பு கூடினால் பிரிக்கலாம், குறைந்தால் பிடிக்கலாம்.

என் கதையையும் சொல்கிறேன். எனக்கு 63 வயது. வேலூர் லாங்கு பஜாரில் ஒரு துணிக்கடையில் எனக்கு ஆயத்த ஆடை கேட்டபோது, விற்பனைப் பையன் கடை முழுவதும் கேட்கும்படி, "உங்க சைஸெல்லாம் வராதும்மா" என்றான். அன்றே வீட்டுக்கு வந்து இனி இளைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவது என்று சபதம் செய்தேன். ஒன்பது ஆண்டுகள் போயின. நான் இளைக்கவில்லை, அந்த ஒன்பது ஆண்டுகளில் நல்லதாக ஓர் உடையும் வாங்கவில்லை. உங்கள் பீரோவைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

இனி உங்கள் மகள் சொன்னது. ஏற்றுக்கொள்வது என்பதை உடம்பைக் கவனிக்காமல் விடுவது என்று எடுத்துக்கொண்டால் நானும் எதிர்ப்பேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் தசை குறைவதும், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்து வந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுவதும் இயல்பு என்றாலும், 80 சென்டிமீட்டருக்கு மேல் இடை வளர்ந்த இந்தியப் பெண்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதும் உண்மை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எடையைச் சொல்லித் திட்டுவார்களோ என்ற கூச்சத்தில் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெருத்த உடம்பைவிட அந்தக் கூச்சம் செய்யும் கெடுதல் பெரிது. தன் உடம்பு இன்று இருக்கும் நிலையை ஒப்புக்கொண்டவரால்தான் அதைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க முடிகிறது. உங்கள் மகள் சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன்.

களி சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், அணைக்கட்டு

இளைக்காது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 320 கலோரி, அதே எடை அரிசியில் 350க்குச் சற்று மேல். பெரிய வித்தியாசம் இல்லை. கேழ்வரகின் பெருமை வேறு: அதே 100 கிராமில் 350 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அது பெயரளவுக்குத்தான். நார்ச்சத்தும் கூட. கீரைக் கடைசலோடும் கருவாட்டுக் குழம்போடும் களி உண்பது உங்களுக்குப் பிடிக்குமானால் அதற்காகவே உண்ணுங்கள். மருந்தாக நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் உருண்டையின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் களியை நாம் மெல்லாமல் விழுங்குவதால் எவ்வளவு உண்டோம் என்று தெரிவதில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 28, எடை 96 கிலோ. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட என்னால் முடியவில்லை. அதற்காகச் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் பட்டினி கிடக்கிறேன். மற்றபடி அளவாகத்தான் சாப்பிடுகிறேன். வேலை நேரத்தில் ஆறு டீ, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான். உடன் வேலை செய்பவர்கள் "பீப்பாய்" என்று கூப்பிடுகிறார்கள். பிரியாணியை நிறுத்திவிடட்டுமா?
— ஒரு வாசகர், ஆம்பூர்

தம்பி, ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் எழுதினால் நானே நம்ப மாட்டேன். சீரகச் சம்பா அரிசியில் தம் போட்ட ஒரு தட்டுப் பிரியாணி வாரத்தில் ஒரு வேளை. வாரத்தின் மற்ற இருபது வேளைகளை விட்டுவிட்டு அந்த ஒரு வேளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். சனிக்கிழமைப் பட்டினிதான் ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தட்டைக் கேட்க வைக்கிறது. அந்த இரண்டாவது தட்டுக்குத் தண்டனையாகத் திங்கட்கிழமைப் பட்டினி வருகிறது. அது செவ்வாய்க்கிழமை மாலை டீக்கடையில் முடிகிறது. மூன்று நாளும் மூன்று வேளையும் சாப்பிடுங்கள். ஞாயிறு மதியம் அம்மாவோடு உட்கார்ந்து, கத்தரிக்காயையும் வெங்காயத் தயிர்ப் பச்சடியையும் தாராளமாகப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சாப்பிடுங்கள். அந்தக் கத்தரிக்காய் எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயாக இருந்தால் இன்னும் நல்லது. புவிசார் குறியீடு கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே அதன் ருசி எங்களுக்குத் தெரியும்.

நான் உங்கள் கடிதத்தில் நின்று பார்த்த இடம் "ஆறு டீ, அவ்வளவுதான்" என்ற வரி. கடை டீ ஒன்றில் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்று குறைவாகவே வைத்தாலும் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு கரண்டி, அதாவது 60 கிராமுக்கு அருகில். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் உணவில் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்களுக்கு டீ பசிக்கு மட்டுமன்று, தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கக் கிடைக்கும் ஒரே சாக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆகையால் டீயை விடச் சொல்லவில்லை. ஆறில் மூன்றைச் சர்க்கரை குறைத்துப் போடச் சொல்லுங்கள். மீதி நேரங்களில் தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து ஒரு நடை போய்வாருங்கள். இதனால் எடை குறைகிறதோ இல்லையோ, முதுகுக்கும் சர்க்கரைக்கும் நல்லது. 28 வயதில் 96 கிலோ என்பதால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை.

"பீப்பாய்" என்று அவர்கள் கூப்பிடும்போது நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்களா என்று எழுதவில்லை. சிரிப்பீர்கள் என்றுதான் ஊகிக்கிறேன், குண்டாக இருப்பவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கற்றுக்கொள்கிறோம். அடுத்த முறை சிரிக்காமலும் கோபப்படாமலும், "பேர் சொல்லிக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். இரண்டாவது முறையும் அதே குரலில் சொல்லுங்கள்.

என் மனைவி திருமணத்துக்குப் பிறகு மிகவும் பெருத்துவிட்டாள். அவள் மனம் புண்படாமல் அதை எப்படி எடுத்துச் சொல்வது?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

அவருக்குத் தெரியும். தினமும் கொக்கி மாட்டுபவர் அவர். உங்களுக்குத் தெரிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்வதற்கு எதுவும் இல்லை, செய்வதற்குத்தான் இருக்கிறது. இரவுப் பாத்திரங்களை நீங்கள் தேய்த்தால் அவருக்கு அரை மணி நேரம் நடக்கக் கிடைக்கும். நடக்கப் போகாமல் அந்த அரை மணி நேரம் அவர் படுத்துத் தூங்கினாலும் ஒன்றும் கேட்காதீர்கள்.

வெயில் காலம் வந்தால் எனக்கு நரகம். தொடை உரசிப் புண்ணாகிறது, மார்புக்குக் கீழே வேர்வை நின்று சிவந்து அரிக்கிறது. வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூட்டத்தில் நடந்தே போவது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற ஆண்டு பாதியில் திரும்பிவிட்டேன். இளைத்தால்தான் இதற்கு விடிவு என்கிறார்கள்.
— ஒரு வாசகி, குடியாத்தம்

இளைப்பதற்கு வைகாசி காத்திருக்காது. தொடை உரசலுக்கு, முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும் பருத்தி அரைக்காற்சட்டை ஒன்றைப் பாவாடைக்கு உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். கடையில் உங்கள் அளவு கிடைக்காவிட்டால் பழைய பருத்தி நைட்டியை வெட்டித் தெரிந்த தையற்காரம்மாவிடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. தையல் முடிச்சு உள்தொடையில் படாமல் தைக்கச் சொல்வது முக்கியம். கிளம்பும் முன் உரசும் இடத்தில் வாசலினையோ தேங்காய் எண்ணெயையோ மெல்லிதாகத் தடவுங்கள். பவுடரைக் கொட்டுவது நம் பழக்கம். வேர்வையில் அது குழைந்து மாவாகி உரசலைக் கூட்டத்தான் செய்யும்.

மார்புக்குக் கீழேயும் வயிற்று மடிப்பிலும் வேண்டியது ஈரம் இல்லாமை. குளித்ததும் அந்த மடிப்புகளைத் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு நேரே சிறிது நேரம் உலரவிட்டு, அதன் பிறகு உடுத்துங்கள். மெல்லிய பருத்தித் துணியை மடித்து மார்புக்குக் கீழே செருகிக்கொண்டு, நனைந்ததும் மாற்றிக்கொள்வது பழைய வழி, இன்றும் நல்ல வழி. இவ்வளவு செய்தும் ஓரம் சிவந்து வட்டமாகப் பரவினால், நாற்றமோ கசிவோ இருந்தால், அது பூஞ்சைப் படை, மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அப்படிக் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் வாரம் அரிப்பை அடக்கிவிட்டு, பிறகு படையை இரு மடங்காகப் பரவவிடும். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி படை வருவதற்கு அதுவும் காரணமாகலாம்.

திருவிழாவுக்குப் போகும்போது வழியில் உட்கார்ந்து போக இரண்டு வீடுகளைச் சொந்தத்தில் பார்த்து முன்னதாகவே சொல்லி வையுங்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இடுப்பைப் பிடிக்கும். கை இல்லாத நாற்காலியையோ திண்ணையையோ கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

என் மகளுக்கு 15 வயது. இரண்டு ஆண்டுகளில் நன்றாகச் சதை போட்டுவிட்டாள். ஆற்காட்டில் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் மக்கன் பேடா இல்லாமல் இருக்காது. அவள் ஒன்றை எடுத்தாலே என் நாத்தனார், "இதோட நிறுத்திக்கோ" என்கிறார். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நான் யார் பக்கம் பேசுவது?
— ஒரு வாசகி, ஆற்காடு

மகள் பக்கம், அதுவும் அந்த இடத்திலேயே. பிறகு தனியாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள் என்றே அந்தப் பெண் எடுத்துக்கொள்வாள். "அண்ணி, அவள் தட்டை அவள் பார்த்துக்கொள்வாள்" என்று சிரித்த முகத்தோடு சொல்ல உங்களால் முடியும். நாத்தனாரின் மனம் ஒரு மாலைப் பொழுது வாடும், அவ்வளவுதான். எல்லோர் முன்னும் மறுக்கப்பட்ட பேடாவைப் பெண்கள் விட்டுவிடுவதில்லை, புத்தகப் பைக்குள் வைத்துச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறார்கள். சத்துவாச்சாரி வாசகியின் இருட்டுச் சமையலறை எங்கே தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பூப்பெய்திய பின் சில ஆண்டுகளுக்குப் பெண் உடம்பில் சதை சேர்வது வளர்ச்சியின் ஒரு பகுதி. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப் போனாலோ, முகத்தில் முடியும் பருவும் மிகுந்தாலோ, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தாலோ மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எடையைப் பற்றிய பேச்சை எடுக்காமல், மாதவிலக்கைக் காட்டத்தான் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போங்கள். வீட்டில் அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். எண்ணெய் குறைக்க வேண்டுமானால் எல்லோருக்கும் குறையட்டும், நாத்தனாருக்கும் சேர்த்து.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 67, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. பேரன் கைப்பேசியில் கணக்குப் போட்டு, "தாத்தா, உங்கள் பி.எம்.ஐ. 26, நீங்கள் பருமன்" என்கிறான். என் காலத்தில் நடைமேடை எடை இயந்திரத்தில் காசு போட்டால் அட்டையில் எடையும் பின்னால் பலனும் வரும். எனக்கு எப்போதும் நல்ல பலன்தான் வந்தது. நான் இளைக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், காட்பாடி

பேரனின் கணக்கில் பிழையில்லை; அந்தக் கணக்குக்குச் சொல்லும் பலன்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த முறையை 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெட்லே, மனிதர்களின் சராசரியை அறிவதற்காக அமைத்தார். தனி மனிதருக்கு வைத்தியம் பார்ப்பது அவர் நோக்கம் அன்று. அதற்கு பி.எம்.ஐ. என்ற பெயரை 1972இல் சூட்டியவர், முதல் கடிதத்துக்கான பதிலில் சொன்ன அதே ஆன்செல் கீஸ்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவில் 25 முதல் 30 வரை அதிக எடை, 30 தொட்டால்தான் பருமன். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதால் 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25 என்றால் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்துக்கொண்டார்கள். பேரன் இந்திய அளவைப் பார்த்திருக்கிறான்.

உங்கள் வயதில் எடையைவிட நான் கேட்பது வேறு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா? இடுப்புப் பட்டியின் மேல் வயிற்றைச் சுற்றி அளந்தால் 90 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா? சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அளவில் இருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் 71 கிலோவோடு நிம்மதியாக இருங்கள். முதுமையில் பட்டினி கிடந்து குறைக்கும் எடையில் தசையும் சேர்ந்தே கரைகிறது. தசை போனவர் குளியலறையில் விழுகிறார். தினமும் பருப்பு, முட்டை, தயிர் என்று ஏதேனும் இரண்டு வகையேனும் தட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரே இயந்திரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமலே ஆறு மாதத்தில் மூன்று நான்கு கிலோ குறைந்தால் மகிழ்ச்சியடையாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அந்தக் குறிப்பை எழுதும் வேலையைப் பேரனிடமே கொடுத்துவிடலாம். கணக்கில் கெட்டிக்காரனாகத் தெரிகிறான்.